வியாபாரம் படிக்கும் பிள்ளைகளும் எங்கள் கணக்கும்

வன்னியின் உட்கிராமப் பாடசாலைகளில் உயர்தரம் வரை வந்து சேரும் பிள்ளைகளில் பலர் கலைப் பிரிவையோ வர்த்தகப் பிரிவையோதான் தெரிவு செய்கின்றனர். விருப்பம் ஒருபுறமிருக்க, ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியரும் இல்லாத இடத்தில் வேறு வழியும் குறைவு. அவ்வாறு வர்த்தகம் படித்த பிள்ளை நல்ல சித்தி பெற்று, வியாபார முகாமைத்துவம் படிக்கப் பல்கலைக்கழகம் போகும்போது தாய் தகப்பனுக்குப் பெருமை ஒரு பக்கம், யோசனை மறு பக்கம். இதைப் படித்துவிட்டு எங்கே வேலை? வங்கியிலா, கந்தோரிலா, கொழும்பிலா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதற்கு முன் கேட்க வேண்டிய வேறொன்றும் உண்டு. நாலு வருடப் படிப்பின் நடுவே அப்பிள்ளை ஒரு நாளாவது உண்மையான வியாபாரம் ஒன்றைத் தன் கையால் நடத்திப் பார்த்ததா? கொள்முதல் செய்து, விற்று, நட்டப்பட்டு, கணக்கெழுதிப் பார்த்ததா? பார்த்ததாயின் யாருடைய காசில்?

எமக்கு அண்மையில் உள்ளது வவுனியாப் பல்கலைக்கழகம். 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 1997 ஏப்ரலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. மன்னார் வீதியில் பம்பைமடுவில் அதன் கட்டடங்களைக் கண்டிருப்பீர்கள். அங்குள்ள வியாபாரக் கற்கைகள் பீடத்தில் செயற்றிட்ட முகாமைத்துவம் என்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. செயற்றிட்டம் என்ற சொல்லை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கிணறு, கோழிக்கூடு, தையல் இயந்திரம், வீடு என்று எத்தனை செயற்றிட்டங்களின் 'பயனாளிகள்' நாம்!

காசு வந்த வழி

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பைத் தொழிலுக்குப் பொருத்தமானதாக்கவென 2003இலிருந்து உலக வங்கியின் நிதி அடுத்தடுத்து மூன்று திட்டங்களாக வந்தது. இரண்டாவது திட்டம் 2010இல் தொடங்கி 2016 வரை நடந்தது; அதன் தொகை 4 கோடி அமெரிக்க டொலர். 2017இல் தொடங்கிய மூன்றாவது, 'அஹெட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்டது. அதற்கு 10 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. விரிவுரையைக் கேட்டு எழுதிப் பரீட்சையில் ஒப்புவிக்கும் முறையை விட்டு, மாணவர் தாமே செய்து பழகும் முறைக்குப் பீடங்களைத் திருப்புவது இவற்றின் நோக்கங்களுள் ஒன்று. பல்கலைக்கழகத்தையும் தொழில் நிறுவனங்களையும் இணைக்கும் பிரிவுகளுக்கும் 'அஹெட்' பணம் கொடுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை 'உதவி' என்கிறோம். இவ்விரு திட்டங்களின் தொகையும் அரசு பெற்ற கடன். வட்டி குறைவு, தவணை நீளம். ஆனாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியது. சீனி வாங்கும்போதும் மண்ணெண்ணெய் வாங்கும்போதும் வரி கட்டுகின்ற நாமும் அதைக் கட்டுகிறோம். ஆகவே அக்காசு என்ன செய்தது என்று கேட்கும் உரிமை வயற்காரனுக்கும் உண்டு.

அக்காசில் கணினிகள் வந்தன, ஆங்கிலப் பயிற்சி வந்தது, விரிவுரையாளர்களுக்கு மேற்படிப்பு வந்தது. இவை வேண்டியவைதாம். ஆனால் 'செய்து பழகுதல்' என்பது நாடெங்கும் பெரும்பாலும் இறுதியாண்டில் ஒரு நிறுவனத்தில் சில மாதம் போய் இருப்பதாகவே சுருங்கிவிடுகிறது. போன இடத்தில் நல்ல மேலாளர் வாய்த்தால் பிள்ளை கற்கும். வாய்க்காவிடின் கடிதங்களைப் பிரதியெடுத்துக் கோவையில் செருகிவிட்டு, நற்சான்றுப் பத்திரத்துடன் திரும்பும். பிழை பிள்ளையினுடையதன்று. இன்னொருவருடைய கடையில் நிற்பதும் கடை நடத்துவதும் ஒன்றல்ல.

கோஸ்டாரிக்காவின் பாடம்

கடை நடத்த விடுகின்ற பல்கலைக்கழகம் ஒன்று மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. கோஸ்டாரிக்கா நாட்டில் குவாசிமோ என்னும் ஊரில், வாழைத் தோட்டங்களின் நடுவே அமைந்தது, பெயர் 'ஏர்த்'. 1986இல் சட்டமியற்றி 1990இல் முதல் மாணவரைச் சேர்த்தார்கள். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் கெலொக் அறக்கட்டளையும் தொடக்கப் பணத்தைக் கொடுத்தன. இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் கிராமத்துப் பிள்ளைகள் அங்கு படிக்கின்றனர். பட்டம் விவசாய விஞ்ஞானத்தில். எனினும் விளைவிக்க மட்டும் தெரிந்து விற்கத் தெரியாதவன் பட்டதாரியல்லன் என்பது அவர்களது கொள்கை.

முதலாம் ஆண்டிலேயே மாணவர் சிலர் சேர்ந்து ஒரு சிறு கம்பனி அமைக்க வேண்டும். பல நாட்டவர் கலந்து இருப்பார்கள். எதை உற்பத்தி செய்வது, யார் வாங்குவர், எவ்வளவு முதல் வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுப்பர். பல்கலைக்கழகம் அதைப் பார்த்து, தேறுமென்று கண்டால் கடன் கொடுக்கும். மானியமல்ல, கடன், வட்டியும் உண்டு. அந்தக் காசில் பயிரோ கோழியோ பன்றியோ வளர்த்து, அல்லது பழத்தையோ பாலையோ பதப்படுத்தி, தாமே சந்தையில் விற்று, தாமே கணக்கு வைத்து, முடிவில் கடனைக் கட்டி, மிகுதியைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும்.

இது ஒரு வாரப் பயிற்சியல்ல. ஆண்டுக்கணக்கில், படிப்போடு படிப்பாக நடப்பது. கூட்டாளி ஒருவன் வேலைக்கு வராவிட்டால் என்ன செய்வது, வாங்குவதாகச் சொன்னவன் வாக்கு மாறினால் என்ன செய்வது என்பவற்றுக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இராது. அதைக் கம்பனிதான் கற்பிக்கும். மூன்றாம் ஆண்டில் ஒரு பண்ணைக்கோ நிறுவனத்துக்கோ கிராமச் சமூகத்துக்கோ பயிற்சிக்குப் போகும்போது, ஏற்கெனவே ஒரு கடனைக் கட்டி முடித்த ஆளாகவே மாணவன் போகிறான்.

பணத்தை அவர்கள் வைத்த முறையும் கவனிக்கத் தக்கது. கொடுத்தவரின் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடாமல் முதலாக வைத்து, அதன் வருமானத்தில் நடத்தினார்கள். மாணவர்க்குக் கொடுத்த கடனோ திரும்பி வந்து அடுத்த வருடத்துப் பிள்ளைக்குப் போகும். எங்கள் மாதர் சங்கங்களில் சுழற்சிக் கடன் என்கிறோமே, அதேதான். ஒரு திட்டத்தின் காலம் முடிந்ததும் கதவு சாத்தப்படாதிருக்க இதைவிட வேறு வழியை நானறியேன்.

அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியிலும் இது போன்ற ஒன்று உண்டு. முதலாண்டு மாணவர் குழுவாகக் கல்லூரியிடம் கடன் வாங்கிச் சிறு வியாபாரம் செய்வர். கடனைக் கட்டிய பின் வரும் இலாபம் அறப்பணிக்குப் போகும். தொடக்க காலத்தில் ஒரு குழுவுக்கு 3,000 டொலர் வரை கொடுத்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடமாதலால் நமக்கு முழுதும் பொருந்தாது.

நமக்கு நெருக்கமானது இந்தியாவின் ஆனந்த் கிராமிய முகாமைத்துவ நிறுவனம். பாற் கூட்டுறவுகளைக் கட்டியெழுப்பிய வர்கீஸ் குரியன் 1979இல் தொடங்கியது; சுவிற்சர்லாந்து அரசின் அபிவிருத்தி நிறுவனமும் ஆரம்ப உதவி செய்தது. அது பட்டதாரிகளுக்கான மேற்படிப்பு. என்றாலும் மாணவர் பல வாரங்கள் கிராமத்தில் குடியானவர் வீடுகளின் நடுவே தங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை அங்கு வைக்கப்பட்டது. பாற்காரனுடைய கூட்டுறவுக்குச் சம்பளத்துக்கு வேலை செய்யத் தக்க படித்த முகாமையாளரை உருவாக்குவதே குரியனின் எண்ணம்.

வன்னியில் இரண்டு பணங்கள்

இனி எங்கள் பக்கம் வருவோம். போர் முடிந்த பின் வன்னிக்கு வேறொரு வழியாலும் பணம் வந்தது. சர்வதேசத் தொழில் தாபனம், அவுஸ்திரேலியாவினதும் பின்னர் நோர்வேயினதும் நிதியுடன் வட பகுதிக் கூட்டுறவுகளைத் தூக்கி நிறுத்த உழைத்தது. வவுனியா வடக்கில் பழச் செய்கையாளர் கூட்டுறவுச் சங்கம் 'ரெட் லேடி' இனப் பப்பாசியைப் பயிரிட்டு ஏற்றுமதி நிறுவனமொன்றுக்குக் கொடுக்கத் தொடங்கியது இம்முயற்சியால்தான். மீளக் குடியேறிய குடும்பங்கள், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பலவும் அதில் சேர்ந்தன.

பப்பாசி நட்டவர்களுக்குப் பயிர் கடினமாயிருக்கவில்லை. பழத்தைத் தரம் பிரிக்கையில் எத்தனை கழிகிறது, கழிந்ததை எங்கே விற்பது, ஒப்பந்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடையில் எந்த வாரத்தில் எது மேல், லொறி அரைவாசி நிரம்பிப் போனால் கிலோவுக்கு வாகனக்கூலி எவ்வளவு ஏறும்? இத்தகைய சந்தையில் இறங்குகிற எந்தச் சங்கத்துக்கும் தலைவலி இவைதாம். இவையெல்லாம் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கப்படும் விடயங்கள். பம்பைமடுவில் ஒரு பணம் வியாபாரம் கற்பிக்கிறது. நெடுங்கேணிப் பக்கத்தில் இன்னொரு பணம் வியாபாரம் செய்விக்கிறது. ஒரே மாவட்டம். இரண்டும் ஒரு மேசையில் சந்திக்க வேண்டும் என்பதே எனது வாதம்.

சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஏ-9 வீதியில் எல்லோரும் அறிந்த ஒரு பண்டத்தையே எடுப்போம்: முறிகண்டிக் கச்சான். பிள்ளையாரைக் கும்பிட இறங்கும் பயணிகள் ஒரு சரை கச்சான் வாங்காமல் பஸ்ஸில் ஏறுவது குறைவு. கச்சான் வறுத்து விற்கும் இரு பெண்களிடம் மாணவி ஒருத்தி போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விளங்குவதற்காக நான் போட்ட எண்கள் இவை. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். கிலோ 500 ரூபாவாகப் 10 கிலோ வாங்கினால் 5,000. விறகு 300, பை 200, வாகனக்கூலி 250. மொத்தம் 5,750. சொத்தை பொறுக்கி வறுத்து எடுத்தால் 9 கிலோதான் மிஞ்சும். ஆகவே கிலோ 500 என்று நினைத்த கச்சான் உண்மையில் 639 ரூபாவாகிவிட்டது. 100 கிராம் சரை 100 ரூபாவுக்கு 90 சரை விற்றால் 9,000; கையில் 3,250. நல்ல இலாபம் என்று தோன்றும். பத்துச் சரை விலைப்படாமல் இளகிப்போனால் 2,250. இருவரும் இரண்டு நாள் நின்ற வேலையென்றால் அது நாலு ஆள்நாள். ஒரு நாளுக்கு 562 ரூபா. அன்றைக்குத் தோட்டக் கூலிக்குப் போயிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை அவர்களே பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

இதில் மாணவி கற்பது இரண்டு. வீட்டாரின் உழைப்புக்கு விலை போடாத கணக்கு எப்போதும் இலாபத்தையே காட்டும் என்பது ஒன்று. விலையைக் கூட்டுவதை விட, விற்காமல் மிஞ்சுவதைக் குறைப்பது சில வேளை பெரிய விடயம் என்பது மற்றது. பெண்கள் கற்பதும் அவையே. அதற்கு மேல் அந்த மாணவி, பல்கலைக்கழகச் சுழல்நிதியில் கடனெடுத்து, காற்றுப் புகாத பையில் அடைத்து இளகலைக் குறைக்கும் பொறுப்பை ஏற்று, இலாபத்தில் ஒரு பங்குக்கு அவர்களோடு உடன்பட்டால், அன்றுதான் அவள் வியாபாரம் படிக்கத் தொடங்குகிறாள்.

வேறொரு கணக்கும் உண்டு. அது கச்சானை விட அவசரமானது. நுண்நிதிக் கடன் எங்கள் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பதை நாமறிவோம். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. வீட்டு வாசலில் வந்து நிற்பவர், '24 வீத வட்டிதான் அம்மா' என்பார். 50,000 ரூபாவுக்கு ஒரு வருடத்துக்கு வட்டி 12,000; மொத்தம் 62,000; மாதம் 5,167 ரூபா கட்ட வேண்டும். ஆனால் மாதாமாதம் முதலும் கரைந்துகொண்டே போகிறதல்லவா? வருடம் முழுவதும் 50,000 உங்கள் கையில் இருக்கவில்லை. சராசரியாக 27,000 அளவில்தான் இருந்தது. அத்தொகைக்கு 12,000 வட்டி என்றால் உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடுகிறது. நிதியியல் இரண்டாம் ஆண்டு மாணவர் இதைக் கணினியில் சில நிமிடத்தில் போட்டுக் காட்டுவர். கிராமத்துக்குப் பத்து மாணவர் வந்து, வீடு வீடாகக் கடன் அட்டையை வாங்கிப் பார்த்து, உண்மை வட்டியைத் தமிழில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அதைவிட வேறு செய்முறைப் பயிற்சி என்ன வேண்டும்?

படிவம் நிரப்பிக் களைத்தவர்கள்

இதை வாசிக்கும்போது சிலருக்குச் சலிப்பு வரலாம். 'கேள்விக் கொத்தோடு வராத ஆளா?' என்பீர்கள். இடப்பெயர்வு தொடங்கிய நாளிலிருந்து எம்மிடம் படிவம் நிரப்பாதவர் இல்லை. மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரை அங்கிருந்தவர்கள் தம் பெயரையும் வயதையும் இழப்பையும் எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள்! சொன்னதற்குப் பதில் வந்தது குறைவு. பட்ட ஆய்வுக்காக வரும் மாணவரும் விவரத்தை எடுத்துக்கொண்டு போய், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, அது நூலக அலுமாரியில் அமர்ந்துவிட்டால், எங்களுக்கு அவரும் இன்னொரு படிவக்காரரே.

ஆதலால் வருபவரிடம் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். கணக்கைக் காட்டுகிறோம், முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, சங்கப் பொதுக்கூட்டத்தில் நீங்களே வாசித்துக் காட்ட வேண்டும். ஒருவருடைய கடன் விவரம் மற்றவருக்குப் போகக் கூடாது. பிள்ளைகள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். அவர்களில் பலர் இடம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளே. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழில் கணக்கு விளக்கத் தடுமாறுவதுண்டு. அந்தத் தடுமாற்றம் தீர்வதும் பயிற்சிதான்.

பம்பைமடுவில் சிங்கள, முஸ்லிம் மாணவரும் படிக்கின்றனர் என்பதைச் சிலர் ஒரு குறையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வியாபாரக் கண்ணால் பார்த்தால் அது வரம். எங்கள் மரக்கறியின் விலையைத் தீர்மானிப்பதில் தம்புள்ளைச் சந்தைக்குப் பெரும் பங்குண்டு. அங்கே தொலைபேசி எடுத்து இன்றைய விலை என்னவென்று சிங்களத்தில் விசாரிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையும், தோட்டக்காரரிடம் தமிழில் பேசும் ஒரு பிள்ளையும் சோடியாக வந்தால், இடைத்தரகர் சொல்லும் விலை மெய்யா பொய்யா என்பது அன்று பின்னேரமே தெரிந்துவிடும்.

கிளிநொச்சியில் உள்ளவர்களுக்கு அறிவியல் நகர் கிட்ட. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, எங்களைப் போலவே இடம்பெயர்ந்து, போருக்குப் பின் அங்கு திரும்பி வந்தது. விளைச்சல் பற்றிய கேள்விக்கு அவர்கள். விலை பற்றிய கேள்விக்கு வவுனியா. ஒரே சங்கம் இருவரையும் அழைப்பதில் தவறில்லை.

அழைப்பது தனி ஆளாக அல்ல, சங்கமாக இருப்பது நல்லது. கமக்காரர் அமைப்போ கூட்டுறவுச் சங்கமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, பீடாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதலாம். 'எமக்கு உதவுங்கள்' என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். 'எமது பால் சேகரிப்பு நிலையத்தில் லீற்றருக்கு எவ்வளவு செலவாகிறது என்பது எமக்குத் தெரியவில்லை. இரண்டு மாணவரை ஒரு போகத்துக்கு அனுப்புவீர்களா? தங்குமிடமும் சாப்பாடும் எமது பொறுப்பு' என்று எழுதினால் அது வேலையாகும்.

கடிதம் எழுதும் காலமும் முக்கியம். பல்கலைக்கழகத்தின் தவணை நாட்காட்டி மழையைப் பார்த்து அமைவதில்லை. காலபோக நெல்லின் கணக்கைப் பார்க்க வேண்டுமாயின் மாசியில் அறுவடை நேரம் மாணவரைக் கூப்பிடுவதில் பயன் குறைவு. உழவுக்கூலியும் விதைநெல்லும் பசளையும் அதற்குள் ஞாபகத்திலிருந்து போய்விடும். புரட்டாதியில், முதல் மழைக்கு முன் அவர்கள் வந்து ஒரு கொப்பியில் கோடு போட்டுத் தந்துவிட்டுப் போகட்டும். உழவு இயந்திரக்காரரிடம் அன்றிலிருந்தே பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கி, அந்தக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.